அவர் வாயில் வராத எழுத்து

அந்த வீட்டில் கம்ப்யூட்டரைப் பால்கனியில் வைத்திருந்தார்கள். அதன்மேல் ஒரு பழைய போர்வை. போர்வை பறந்துவிடாமல் இருக்க ஓர் இஸ்திரிப் பெட்டி.

"மழை பெஞ்சா நனைஞ்சிடுமே," என்றான் ரேடியோ.

"நனையட்டும்னுதான் வெச்சேன்," என்றாள் அந்த வீட்டுப் பெண்.

ரேடியோவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. வாய் ஓயாது என்பதால் ஊர் வைத்த பெயர் அது. கார் ஓட்டுவான், கதவு தட்டுவான், மிச்ச நேரத்தில் பேசுவான். அவனுடைய முதலாளியம்மாவை எல்லோரும் நிதானம் என்பார்கள். ஐம்பதைத் தாண்டியவர். ஒரு காலத்தில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து வெளியூர் அழைப்புகளை இணைத்துக் கொடுத்தவர். "ஹலோ" என்ற ஒரு சொல்லை வைத்தே எதிர்முனையில் இருப்பவர் படுத்திருக்கிறாரா, அழுதிருக்கிறாரா என்று சொல்லிவிடுவார். துப்பறியும் தொழிலுக்கு அவர் கொண்டுவந்த மூலதனம் அந்தக் காதுதான்.

அந்தப் பெண் பல் ஆய்வுக்கூடத்தில் செயற்கைப் பல்கட்டு செய்பவள். கணவர் இறந்ததிலிருந்து வேலைக்குப் போகவில்லை. தலை வாரி நாளாகியிருந்தது.

"வாசல்ல செருப்பைக் கழட்டும்போது விழுந்தார் மேடம். ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சிடுச்சு. முகத்தைத் துடைச்சது நான். குழிக்குள்ள இறக்கினதையும் நின்னு பார்த்தேன். அவர் போயிட்டார்ங்கறதுல எனக்குச் சந்தேகமே இல்லை."

"ஆனா?"

"தினமும் பேசறார்."

ரேடியோ பிஸ்கட் தட்டிலிருந்து கையை எடுத்துக்கொண்டான்.

அவள் சொன்னது இதுதான். கணவர் லிஃப்ட் மெக்கானிக். அது வயிற்றுக்கு. மனசுக்கு 'ஊற்று'. அது ஒரு லினக்ஸ், கம்ப்யூட்டரையே ஓட்டும் மென்பொருள். யாருக்கும் சொந்தமில்லாத, யாரும் விலைக்கு விற்காத இயங்குதளம். எங்கெங்கோ உட்கார்ந்திருக்கும் தன்னார்வலர்கள் சேர்ந்து வளர்ப்பது. மற்ற இயங்குதளங்கள் வருஷத்துக்கு ஒரு தடவை புதுச்சட்டை போட்டுக்கொள்ளும் என்றால், ஊற்று தினமும் ஒரு பொத்தானை மாற்றிக்கொண்டே இருக்கும். காலையில் கம்ப்யூட்டரைத் திறந்தால் இரவில் மாறியதெல்லாம் தானாக வந்து சேரும். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பொறுப்பாளர். அவர் தன்னிடம் மட்டும் உள்ள ரகசியச் சாவியால் முத்திரை வைத்தால்தான் அந்தத் துண்டு வீடுகளுக்குப் போகும்.

"திரையில இருக்கறதைப் பார்வை இல்லாதவங்களுக்கு வாசிச்சுக் காட்டற பகுதிக்கு இவர் பொறுப்பு. அங்க இவர் பேர் நத்தை. சாயங்காலம் வந்ததும் அந்த ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்குவார். சாப்பாட்டுக்கு நான் தட்டணும்."

"இப்ப?"

"ஆள் போய்ச் சேர்ந்துட்டார். நத்தை நகர்ந்துக்கிட்டே இருக்கு. அவர் முத்திரையோட அப்டேட் வருது. அதுக்கு அடியில அவர் எப்பவும் எழுதற வரியும் வருது. 'மெதுவா வந்தாலும் வந்துடுவேன்'னு."

"உயிரோட இருக்கறப்போ நல்ல வரிதான்," என்றான் ரேடியோ. "இப்ப கேக்கத்தான் பயமா இருக்கு."

நிதானம் அவனைப் பார்த்தார். அவன் ஒரு பிஸ்கட்டை எடுத்து வாயை அடைத்துக்கொண்டான்.

"குரல் பத்திச் சொன்னீங்களே?"

"முன்னாடியெல்லாம் அது மரக்கட்டை மாதிரி பேசும் மேடம். அடக்கம் முடிஞ்ச மறுவாரம் கரன்ட் பில் பார்க்கலாம்னு திறந்தேன். ஏதோ புதுப்பிச்சுது. அப்புறம் பேசிச்சு. அவர் குரல். அவர் தொண்டையில லேசா ஒரு கரகரப்பு இருக்கும், அதோட. அவர் வாழ்க்கையில சொல்லவே சொல்லாததையெல்லாம் சொல்லுது. இதை விக்கவும் மனசு வரல, வீட்டுக்குள்ள வெச்சுக்கவும் முடியல."

நிதானம் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கித் தரையில் வைத்தார். போர்வையை எடுத்து மடித்தார். கம்ப்யூட்டரை இயக்கினார். திரையில் எழுத்துகள் ஓடின. ஒரு பட்டை மெதுவாக நிரம்பியது. பிறகு பக்கத்து வீட்டுக்கும் கேட்கும் அளவில், அவசரமில்லாத ஓர் ஆண்குரல் பேசியது.

"புதுப்பித்தாயிற்று. மழை விட்டுவிட்டது. எழுந்திரு. வெளியே வா."

அந்தப் பெண் சுவரைப் பிடித்துக்கொண்டாள். வெளியே மழையும் இல்லை, விடவும் இல்லை. வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"மூணு வாரமா இதையே சொல்லுது," என்றாள் மெல்ல. "எங்க வெளிய வரச் சொல்றார், மேடம்? அவர் இருக்கற இடத்துக்கா?"

நிதானம் கம்ப்யூட்டருக்கு அருகில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். திரும்ப ஒருமுறை ஓடவிட்டார். இன்னொரு முறை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அப்புறம் கேட்டார்: "உங்க வீட்டுக்காரர் மழையை என்னன்னு சொல்வார்?"

அவளுக்குப் புரியவில்லை. பிறகு அவள் முகம் மாறியது. அந்த முகத்தில் சிரிப்பின் நிழல் வந்து போனது.

"மலைம்பார். மலை வருது, குடை எடுத்துக்கோம்பார். மலை வந்தா குடை எதுக்குன்னு நான் கேப்பேன்." கை தானாக அவள் வாய்க்குப் போனது. "மேடம், அவருக்கு ழ வராது. நாக்கை மடிச்சுப் பின்னால கொண்டுபோக வராது. நான் பல்கட்டு போடறவங்களையெல்லாம் சொல்லச் சொல்லி டெஸ்ட் பண்றவ. இவரையும் பண்ணியிருக்கேன். கல்யாணத்துக்கு அப்புறம் எத்தனையோ தடவை. வரவே வராது. இது எப்படி எனக்கு உறைக்கல?"

"குரலைக் கேட்டதும் நீங்க எழுத்தைக் கேக்கல. யாருமே அப்படித்தான்."

"செத்தப்புறம் நாக்கு சரியாயிருக்கும்," என்றான் ரேடியோ. "சில பேருக்கு அப்பதான் புத்தியும் சரியாகும்."

"ரேடியோ."

"இல்லக்கா, இப்பல்லாம் யார் குரலை வேணும்னாலும் கம்ப்யூட்டர்ல செஞ்சிடறாங்களே. எவனோ அப்படித் திருடிச் செஞ்சிருப்பான்."

"காப்பி அடிக்கறவன் தப்பையும் சேர்த்துத்தான் அடிப்பான். இது திருத்தியிருக்கு. தப்பைத் திருத்தணும்னு தோணற ஆள் திருடன் இல்லை." நிதானம் அந்தப் பெண் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு ஒரு வித்தியாசமான கேள்வி. அவர் உயிரோட இருந்தப்போ, கம்ப்யூட்டர் பக்கமே போக முடியாம மாட்டிக்கிட்ட நாள் ஏதாவது உண்டா?"

அவள் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. "ஊரே இருட்டா கிடந்துதே, அந்தப் பெரிய மின்தடை. அன்னிக்கு ஒரு லிஃப்ட் கிணத்துக்குள்ள இறங்கினவர் பாதியில மாட்டிக்கிட்டார். போன் கீழே விழுந்து நொறுங்கிடுச்சு. காலையில போனவரை ராத்திரிதான் மேல தூக்கினாங்க. அன்னிக்கே அவரைத் தொலைச்சுட்டேன்னுதான் நெனச்சேன்."

நிதானம் தலையாட்டினார். "இன்னிக்கு சாயங்காலம் கூட்டம்னு சொன்னீங்களே?"

"ஊற்றுக்காரங்க கூடறாங்க. இவர் சாவி திருட்டுப் போயிடுச்சுன்னு உலகத்துக்கே அறிவிக்கப் போறாங்களாம். நான்தான் யாருக்கோ குடுத்துட்டேன்னு சில பேர் எழுதறாங்க." அவள் மடித்த போர்வையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "அந்தக் குரலோட என்னால இருக்க முடியல. ஆனா செத்தவர் பேரை அழுக்காக்கிட்டு அதை நிறுத்தறதையும் தாங்க முடியல. யாருன்னு மட்டும் கண்டுபிடிங்க."

*

ஊற்றின் தலைமைப் பொறுப்பாளர் அதே ஊரில் மருந்துக்கடை வைத்திருந்தார். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார். ரேடியோ அவர் நெற்றியைச் சுட்டிக்காட்டினான்.

"சார், உங்க கேஸ் முடிஞ்சது. எங்க கேஸுக்கு வருவோம்."

கடைக்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. கல்லாவுக்குப் பின்னால் ஒரு லேப்டாப் திறந்திருந்தது.

"விளையாட்டு இல்லைங்க இது. அந்தச் சாவி யார் கையில இருக்கோ, அவங்க நெனச்சா ஆயிரக்கணக்கான வீட்டுக் கம்ப்யூட்டர்ல எதை வேணும்னாலும் இறக்கலாம். நாளைக்குக் காலையில ஜனங்க திறக்கும்போது என்ன இருக்கும்னு எனக்குத் தெரியாது. நான் சரியாத் தூங்கியே நாளாச்சு. செத்த மனுஷன் கையெழுத்துப் போடறதைப் பார்த்துக்கிட்டு எத்தனை நாள் சும்மா இருக்கறது?"

"இதுவரைக்கும் கெட்டது ஏதாவது இறங்கிச்சா?"

"இல்லை. அதுதான் இன்னும் கலக்குது. எல்லாமே சுத்தமா இருக்கு. அந்தப் புதுக்குரல் வந்தப்புறம் பார்வையில்லாதவங்க எழுதறதைப் படிச்சா கண்ணு கலங்கும். மெஷின் கூட இருந்தோம், இப்ப மனுஷன் கூட இருக்கோம்னு எழுதறாங்க."

"குரலை எப்படிச் செய்யறாங்க?"

"ஒருத்தரை மணிக்கணக்கா வாசிக்கச் சொல்லி, அதைத் துண்டு துண்டா வெட்டி, திரும்ப ஒட்டணும். பொறுமை வேணும். காது வேணும்."

"நத்தைக்கு முன்னாடி அந்தப் பகுதிய யார் பார்த்துக்கிட்டாங்க?"

கடைக்காரர் ஒரு மாத்திரை அட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தும்பின்னு ஒருத்தங்க. நேர்ல யாரும் பார்த்ததில்லை. கண்ணு தெரியாதவங்க. ஒரு தடவை அவங்க அனுப்பின அப்டேட்ல நிறைய கம்ப்யூட்டர் காலையில உயிரோட வரல. பெரிய சண்டை. கண்ணில்லாதவங்க கையில ஸ்டியரிங்கைக் குடுத்தது நம்ம தப்புன்னு ஒருத்தர் எழுதினார். அதோட அவங்களை நீக்கிட்டோம்."

"ஒருத்தர்னா?"

அவர் அட்டையை அது இருந்த பெட்டியில் வைக்காமல் வேறு பெட்டியில் வைத்தார். நிதானத்துக்கு அது போதுமானதாக இருந்தது.

"கடைசியா ஒண்ணு. அந்தப் பெரிய மின்தடை நாள் ஞாபகம் இருக்கா?"

"மறக்க முடியுமா? என் ஃபிரிட்ஜ்ல இருந்த இன்சுலின் பூராவும் கெட்டுப்போச்சு."

"அன்னிக்கு ஊற்றுல யார் யார் வேலை செஞ்சாங்கன்னு பாருங்க."

அவர் கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கித் தேடினார். "இந்த ஊர்க்காரங்க யாருமே இல்லை. நத்தை மட்டும். மத்தியானம் ஒரு அப்டேட். கூடவே ஒரு சந்தேகத்துக்குப் பெரிய பதில். ஆமாமா, அன்னிக்கு எல்லாரும் அவரைப் பாராட்டினோம். இன்வெர்ட்டர் வெச்சிருப்பார்னு நெனச்சோம்."

"அன்னிக்கு அவர் லிஃப்ட் கிணத்துக்குள்ள கம்பியைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தார்," என்றார் நிதானம். "கையில போன் கூட இல்லை."

கடைக்காரர் திரையைப் பார்த்தார். நிதானத்தைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார்.

"செத்தவர் எப்படி வேலை செய்யறார்னு எல்லாரும் கேக்கறீங்க. உயிரோட இருந்தப்போ அவர் செஞ்சாரான்னு யாரும் கேக்கல."

*

காரில் ஏறியதும் ரேடியோ சாவியைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தான்.

"அப்போ பேயே இல்லையா அக்கா?"

"ஏன், வருத்தமா?"

"ஊர்ல சொல்லிட்டேன். பேய் கேஸ்ல இருக்கேன்னு."

"அன்னிக்கு இந்த ஊர் முழுக்க இருட்டு. அந்த மத்தியானம் கரன்ட் எங்க இருந்துது?"

"ஆத்துக்கு அந்தப் பக்கம். அங்க லைனே வேற. நானே பாலத்தைத் தாண்டிப் போய் ஒரு சலூன்ல முடிவெட்டிக்கிட்டுதான் போனை சார்ஜ் பண்ணிட்டு வந்தேன். வெட்டற அளவுக்கு முடி இல்லாமலே."

"ழ மட்டும் இன்னொருத்தர் தொண்டையிலேருந்து வந்திருக்கு. ஒட்டு தெரியல. ஒட்டுத் தெரியாம ஒட்டணும்னா அந்தத் தொண்டையும் இதே மாதிரி இருக்கணும். எக்ஸ்சேஞ்சுல நான் அடிக்கடி ஏமாந்தது ஒரே விஷயத்துலதான். அப்பன் பேசினா மகன்னு நெனப்பேன். தம்பி பேசினா அக்கான்னு நெனப்பேன்."

ரேடியோ திரும்பிப் பார்த்தான். நிதானம் அதற்குள் போனை எடுத்து அந்தப் பெண்ணை அழைத்திருந்தார்.

"உங்க வீட்டுக்காரர் சொந்தக்காரங்க யாராவது ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்காங்களா?"

எதிர்முனையில் ஒரு கதவைச் சாத்தும் சத்தம்.

"என் நாத்தனார் இருக்காங்க. இவருக்கு அக்கா. எங்களுக்குள்ள பேச்சு இல்லை."

"அவங்களுக்குப் பார்வை?"

"சின்ன வயசுலயே போயிடுச்சு." அவள் தானாகவே தொடர்ந்தாள். "ஒரு தடவை எங்க வீட்டுக்கு வந்தப்போ, நான் நாற்காலிய இடம் மாத்திப் போட்டிருந்தேன். விழுந்துட்டாங்க. வேணும்னே செஞ்சேன்னு சொன்னாங்க. நானும் சும்மா இருக்காம ஏதோ சொன்னேன். அதோட சரி. அடக்கத்துல கூட ஆளுக்கொரு பக்கம் நின்னோம். மேடம், அவங்களா?"

"கிளம்பி வாசல்ல நில்லுங்க. வந்து கூட்டிக்கறோம்."

*

பாலம் தாண்டி, மரப்பட்டறைகளுக்குப் பின்னால் இருந்த தெருவில் கடைசி வீடு. பகலிலேயே உள்ளே இருட்டாக இருந்தது. ஜன்னல்கள் சாத்தியிருந்தன. விளக்கு எரியவில்லை. அந்த வீட்டில் இருப்பவருக்கு அது தேவைப்படவில்லை.

கதவைத் தட்டக் கையை ஓங்கிய ரேடியோ அப்படியே நின்றுவிட்டான்.

உள்ளே ஓர் ஆண் பேசிக்கொண்டிருந்தார். வேகமாக, மூச்சு விடாமல், மனிதர் யாரும் பேச முடியாத வேகத்தில். சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஓடின. ஆனால் குரல் அதே குரல். அதே கரகரப்பு. இறந்தவர் அந்த இருட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு, சொல்லாமல் விட்டதையெல்லாம் ஒரே நாளில் சொல்லி முடிக்கப் பார்ப்பது போல இருந்தது.

அந்தப் பெண் ரேடியோவின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

குரல் சட்டென்று நின்றது.

"கதவு திறந்துதான் இருக்கு. மூணு பேர் வந்திருக்கீங்க. ஒருத்தி செருப்பைத் தேய்ச்சு நடக்கறா. அது என் தம்பி பொண்டாட்டி."

அறையின் நடுவில் காதில் ஹெட்போனைத் தளர்த்தியபடி ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தார். குரல் கனமானது, அடித்தொண்டையில் லேசாகக் கரகரத்தது. நீதிமன்ற விசாரணைப் பதிவுகளைக் கேட்டுத் தட்டச்சு செய்வது அவர் தொழில். எதிரில் கீபோர்டு இருந்தது. திரை இல்லை; அந்த வேகக் குரல்தான் அவருக்குத் திரை.

"உட்காருங்க. நாற்காலி எல்லாம் அது அது இடத்துல இருக்கு," என்றார். யாரையும் குத்துவதற்காகச் சொன்னாரா என்று தெரியவில்லை.

நிதானம் சுற்றி வளைக்கவில்லை. "தும்பி நீங்கதானே?"

"தும்பி எப்பவோ செத்துட்டா. அதுக்கப்புறம் நத்தைதான்." அவர் குரல் சமமாகவே இருந்தது. "என்னை வெளிய தள்ளினப்போ வீட்டுக்குள்ள சுருண்டு கிடந்தேன். தம்பி வந்தான். 'வேலையை நீ செய், பேரு நான் தரேன்'னான். சாவியும் அவன் பேர்ல எடுத்து எங்கிட்டயே குடுத்தான். அவனுக்கு இதுல ஒரு வரி கூட எழுதத் தெரியாது. 'மெதுவா வந்தாலும் வந்துடுவேன்'ங்கறது மட்டும்தான் அவன் எழுதிக் குடுத்தது."

"அப்போ அவர் ஒரு நாளும் அந்த வேலை செய்யலையா?" அந்தப் பெண் முதல்முறையாக வாயைத் திறந்தாள். "சாயங்காலம் ஆனா கதவைச் சாத்திக்குவாரே. நான் வெளிய உட்கார்ந்துக்கிட்டு அந்த மெஷினைத் திட்டியிருக்கேன். வேலை நீங்க செஞ்சீங்கன்னா, அவர் உள்ள என்னதான் செஞ்சார்?"

"வாசிச்சான்."

"என்னது?"

"எனக்கு அந்த மரக்கட்டைக் குரல் பிடிக்கலன்னு ஒரு தடவை சொன்னேன். நாள் பூரா அதைக் கேட்டா தலை வலிக்குதுன்னேன். அன்னிலேருந்து வாசிக்க ஆரம்பிச்சான். நான் வாக்கியம் எழுதி அனுப்புவேன், அவன் பேசிப் பதிவு பண்ணி அனுப்புவான். பழைய பேப்பர், லிஃப்ட் கம்பெனி விதிமுறை, மருந்துச் சீட்டு, எதையும் விடல. ழ மட்டும் வரல. வெக்கப்படுவான். 'நான் இருக்கற வரைக்கும் இதை வெளிய விடாதே, ஊர் சிரிக்கும்'னான்." அவர் ஹெட்போனை மேஜைமேல் வைத்தார். "அவன் போனப்புறம் என்னால சும்மா இருக்க முடியல. அவன் ழ எல்லாத்தையும் எடுத்துட்டு நான் சொன்ன ழவைச் சுருதி தணிச்சு வெச்சேன். இனிமே யாரும் அவனைச் சிரிக்க முடியாது."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"அவன் சொல்லியிருக்கணும். சொன்னா நீ வருத்தப்படுவேன்னான். என்னோட சண்டையாச்சே. வீட்டுக்குள்ள உக்காந்து எனக்காக வாசிக்கறான்னு தெரிஞ்சா மனசு சங்கடப்படுவேன்னு."

நிதானம்தான் அடுத்த கேள்வியைக் கேட்டார்.

"மழை விட்டுடுச்சு, எழுந்திரு, வெளியே வான்னு சொல்லுதே. அது யாருக்கு?"

நாத்தனார் முதல்முறையாகத் தடுமாறினார். விரல்கள் கீபோர்டின் ஓரத்தைத் தடவின.

"குரல் சரியா இருக்கான்னு பார்க்க அப்டேட் முடிஞ்சதும் ஒரு வாக்கியம் வைக்கலாம். எது வேணும்னாலும். இவ வேலை செய்யற இடத்துக்குப் போன் பண்ணினேன். பல்லுக்கு அளவு குடுத்தவ மாதிரி விசாரிச்சேன். வேலைக்கே வரதில்லை, படுக்கையை விட்டே எழுந்திருக்கறதில்லைன்னாங்க. இவளுக்கு நேரா போன் பண்ணினா எடுப்பாளா? எடுத்தாலும் என் பேச்சைக் கேப்பாளா? அவன் சொன்னா கேப்பான்னு நெனச்சேன்."

"அண்ணி," என்றாள் அந்தப் பெண்.

"இவங்க ஒருத்தங்க எழுந்திருக்கணும்னு," என்றான் ரேடியோ, "மூணு வாரமா உலகத்தையே காலையில எழுப்பிவிட்டிருக்கீங்க. எத்தனை பேர் முதல் தடவையா ஆபீசுக்கு நேரத்தோட போனாங்களோ."

நாத்தனார் சிரித்தார். அழுகையோடு சேர்ந்து வந்த சிரிப்பு. "பயந்துடுவான்னு தோணல. கண் தெரியாதவளுக்குக் குரல்னா அது ஆள்தான். ஆளில்லாத குரல் கண்ணு தெரியறவங்களுக்கு எப்படி இருக்கும்னு எனக்கு எங்க தெரியும்?"

நிதானம் மருந்துக்கடைக்காரரை அழைத்து, போனை மேஜைமேல் வைத்தார். சுருக்கமாகச் சொன்னார். எதிர்முனையில் ஃபிரிட்ஜின் உறுமல் மட்டும் கேட்டது.

"தும்பியா?" என்றார் கடைக்காரர் கடைசியில்.

"ஆமா. இத்தனை வருஷமா நீங்க பாராட்டினதெல்லாம் என்னைத்தான்," என்றார் நாத்தனார். "ஸ்டியரிங் இன்னும் என் கையிலதான் இருக்கு. எங்கயும் மோதல."

கடைக்காரரின் குரல் தணிந்தது. "அந்தச் சாவியை ரத்து பண்ணியே ஆகணும்மா. ஒருத்தர் பேர்ல இன்னொருத்தர் முத்திரை வைக்கறதை நான் மறைக்க முடியாது."

"மறைக்க வேண்டாம். நானே ரத்து பண்றேன். திருட்டுன்னு மட்டும் எழுதாதீங்க. தம்பி தன் பேரைக் குடுத்தான், அக்கா திருப்பிக் குடுத்துட்டான்னு எழுதுங்க. குரல் வேணுமா வேண்டாமாங்கறது இவ முடிவு. இவ வேண்டாம்னா நாளைக்குக் காலையில எந்த வீட்லயும் அது இருக்காது."

"புதுச்சாவி எடுங்க, உங்க பேர்ல," என்றார் கடைக்காரர். "அதுக்கு ஏற்கெனவே உள்ளவங்க யாராவது சாட்சிக் கையெழுத்துப் போடணும். முதல் கையெழுத்து என்னுது." கொஞ்சம் நிறுத்தினார். "அன்னிக்கு அப்படி எழுதினது நான்தான்."

"தெரியும்," என்றார் நாத்தனார். போனைத் தடவி அணைத்தார்.

நிதானமும் ரேடியோவும் அந்தப் பெண்ணைப் பார்த்தார்கள். முடிவு அவள் கையில் இருந்தது. அவள் எதையும் முடிவு செய்யும் நிலையில் இல்லை.

"இது அவர் குரல் இல்லை, அண்ணி," என்றாள். "நல்லா இருக்கு. சுத்தமா இருக்கு. ஆனா நான் கூட இருந்தது இந்த ஆளோட இல்லை."

நாத்தனார் தலையசைத்தார். பிறகு எதையோ தீர்மானித்தவர் போலக் கீபோர்டில் தட்டினார்.

"வெட்டறதுக்கு முன்னாடி உள்ளது எல்லாம் எங்கிட்ட இருக்கு. நடுவுல வேற சத்தம் வந்தா அதை வெட்டி எடுத்துடணும். வெட்டினேன். தூக்கிப் போட மனசு வரல. தனியா வெச்சிருக்கேன்."

முதலில் இரைச்சல். நாற்காலி கிரீச்சிடும் சத்தம். அவர் குரல், ஏதோ விதிமுறையை வாசித்துக்கொண்டு, பாதி வாக்கியத்தில். கதவு தட்டப்படுகிறது. கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவளுடைய குரலேதான், கோபமாக: "ஆறிப்போச்சுன்னா நான் திரும்ப சுட வைக்க மாட்டேன்."

"தோ வந்துட்டேன்." பிறகு மைக்குக்கு மிக அருகில், தாழ்ந்த குரலில்: "அக்கா, இவ கோவமா இருக்கா. போய் ரெண்டு வார்த்தை பேசிட்டு வரேன். இதை வெட்டிடு."

பதிவு அந்த இடத்தோடு முடியவில்லை. அவர் பதிவை நிறுத்த மறந்திருந்தார். காலடிச் சத்தம் போனது. கதவு திறந்தது, சாத்தவில்லை. அதற்கப்புறம் காலி அறை. தூரத்தில் தட்டு வைக்கும் சத்தம். தண்ணீர் ஊற்றும் சத்தம். என்ன பேசினார்கள் என்று பிடிபடவில்லை. அவர் எதையோ சொல்ல, அவள் சிரித்தாள். கோபம் போன சிரிப்பு. எதற்குச் சிரித்தாள் என்று இப்போது அவளுக்கே ஞாபகம் இல்லை.

நிதானம் ரேடியோவின் தோளைத் தொட்டார். இருவரும் சத்தமில்லாமல் வாசலுக்கு நகர்ந்தார்கள்.

நாத்தனாரின் கை கீபோர்டை நோக்கிப் போனது. "இதுக்கு மேல ஒண்ணும் இல்லைம்மா. வெறும் பாத்திரச் சத்தம்தான் ரொம்ப நேரம் ஓடும்."

அந்தப் பெண் நாற்காலியை இழுக்காமல், அது இருந்த இடத்திலேயே நாத்தனாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஓடட்டும் அண்ணி," என்றாள். "நாங்க இன்னும் சாப்பிட்டு முடிக்கல."